அளக்க வருபவரிடம் சொல்லக் கூடாது

1

இந்தக் கதை எனக்கு என் தோள்பட்டை வழியாக வந்தது. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். பல மாதமாக என் வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. கொடியில் துணி போட முடியாது, தலை பின்ன முடியாது. எழுத மட்டும் முடிகிறது, அதனால்தான் உங்களுக்கு இந்தத் தொல்லை.

திருப்பத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோதெரபி கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே முதுநிலை படிக்கும் காஷிஃபா என்ற பெண்தான் சனிக்கிழமைதோறும் என் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். வாணியம்பாடிக்காரி. வலி தெரியாமலிருக்க ஓயாமல் பேச்சுக் கொடுப்பாள்: அவள் அம்மா பத்ருன்னிசாவின் சமையல், வரப்போகும் நிக்காஹ், கல்லூரி கேண்டீன் டீயின் லட்சணம். ஜவ்வாது மலையில் அவள் செய்யும் ஆய்வைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

என் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன் கோகுல்ராஜ். ஒடுகத்தூர்ப் பையன். அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே ஆய்வு. அவனும் மலையைப் பற்றிப் பேச மாட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கொட்டிவிட்டு, காஷிஃபாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

கதையாக எழுதுவது சொல்வதில் சேராது என்று வெள்ளிக்கிழமை ராத்திரியே எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. நாளை திங்கள். நாளை காலை காஷிஃபா ஜீப் ஏறி மலைக்குப் போகிறாள். அதற்குள் இந்தக் கதை முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் முடியாமல் நிற்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஜவ்வாது மலையின் வளைவுகளில் பனி மெல்ல—

அடச்சே. மலை என்றால் உடனே பனியைக் கூப்பிடும் இந்தப் புத்தி எனக்கு எப்போது போகுமோ. இப்போது அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. புளி உலுக்கும் காலம்.

இரண்டாம் முயற்சி:

அம்சவல்லி அன்று காலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, இன்னும் சற்று நேரத்தில் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்கு—

எனக்கும்தான் தெரியாது. நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை, அம்சவல்லியைப் பார்த்ததே இல்லை. அவள் சுவரைப் பிடித்தாளா, மருமகளைப் பிடித்தாளா, ஒன்றையும் பிடிக்கவில்லையா? அதுதான் இங்கே வழக்கே.

மூன்றாம் முயற்சி:

மறுவாழ்வு அறிவியலில் ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்பதை நிறுவ—

கதையா இது, பரீட்சைக்குப் படிக்கிற நோட்ஸா? ஆனால் என்ன செய்வது, இதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். அதனால் சுருக்கமாக:

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் போனவர்கள் டவுனில் இருந்தால் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்யலாம். மலையில் இருப்பவர்கள் ஜீப்புக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். அவர்கள் வீட்டிலேயே, வீட்டு ஆட்கள் துணையோடு, நிற்கவும் நடக்கவும் பயிற்சி செய்தால் நடை தேறுமா? இதுதான் ஆய்வு. சில ஊர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். சில ஊர்களுக்கு இப்போதைக்கு வழக்கமான அறிவுரை மட்டும், ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பயிற்சி. ஆள் ஆளாகப் பிரித்தால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவாள் என்பதால் ஊர் ஊராகப் பிரித்திருக்கிறார்கள். காஷிஃபா எல்லா ஊருக்கும் போவாள். எங்கே சொல்லிக்கொடுக்கிறாள், எங்கே வெறுமனே பேசிவிட்டு வருகிறாள் என்பது அவளுக்கும் ஆய்வை மேற்பார்க்கும் கைடுக்கும் மட்டும் தெரியும்.

கோகுல் வேறு நாளில் போய், அவர்கள் நடையை அளப்பான். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலுக்கு ஆசை வந்துவிடும். பயிற்சி செய்தவர்கள் வேகமாக நடக்க வேண்டுமே என்று அவனை அறியாமல் ஒரு நொடி முன்னால் அழுத்திவிடுவான். அளப்பவனின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் அளக்கச் சொல்ல வேண்டும் என்பது இவர்கள் தொழிலின் சட்டம்.*

* ஊர் ஊராகப் பிரித்ததில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் ஊரில் ஒரே ஒருவர் பயிற்சி செய்கிறார் என்று தெரிந்தாலும் போதும், மொத்த ஊரும் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அந்த ஊரில் அவன் அளந்ததெல்லாம் வீண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் திரும்பச் சொல்லப் பொறுமை இல்லை.

3

கதை நடக்கும் ஊர் நெல்லிவாசல்நாட்டில் இருக்கிறது. பெயர் எழுத மாட்டேன். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இறங்கி ஏறி நடக்க வேண்டும் என்பது மட்டும் போதும்.

காஷிஃபா ஒவ்வோர் ஊரிலும் சொன்னது இதுதான்: தான் என்ன சொல்லிக்கொடுத்தாள், கொடுக்கவில்லை என்பதை அளக்க வருகிறவரிடம் சொல்லிவிடாதீர்கள். மற்ற ஊர்களில் தலையாட்டினார்கள். இந்த ஊரில் கோபால்சாமி ஒரு கேள்வி கேட்டாராம். ஊர்ப் பஞ்சாயத்துப் பேசும் பெரிய மனிதர் அவர். சொன்னால் உனக்கு என்னம்மா ஆகும் என்று கேட்டிருக்கிறார். என் படிப்பே போய்விடும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

போதாதா? அன்றைக்கே கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டி ஊர்க் கட்டுப்பாடு போட்டுவிட்டார். அளக்க வருகிறவரிடம் யாரும் கை கால் பற்றி எதுவும் பேசக் கூடாது. பேசினால் கோயிலுக்குத் தெண்டம் கட்ட வேண்டும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கோகுல் முதல்முறை போனபோது கோபால்சாமியே அவனை உட்கார வைத்து, மோர் கொடுத்து, விவரம் சொன்னாராம்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. அந்தப் பொண்ணு படிப்புக்காகப் போட்ட கட்டுப்பாடு. மழையப் பத்தி கேளுங்க, ஆட்டப் பத்தி கேளுங்க. கால் பத்தி மட்டும் யாரும் வாய் தொறக்க மாட்டாங்க."

கோகுலுக்கு அன்று ஒரே சந்தோஷம். இவ்வளவு கெட்டியாகக் கண்ணைக் கட்டிய ஊர் எந்த ஆய்விலும் இருக்காது, கருத்தரங்கில் இதைச் சொல்லலாம் என்று நினைத்தானாம். (இந்த இடத்தில் நானும் சிரித்தேன். கதை நகைச்சுவையாகப் போகும் என்று நம்பினேன். நம்பிக்கெட்டேன்.)

4

வியாழக்கிழமை.

அம்சவல்லிக்கு வாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கட்டையான உருவம், வெற்றிலை வாய். (வெற்றிலை நான் போட்டது. கோகுல் சொல்லவில்லை.) கால் இழுத்தாலும் வாய் இழுக்கவில்லை. கோகுலைப் பார்த்ததும், "வந்துட்டாரு அளவுக்காரரு, இன்னா, என் கால் வளர்ந்துடுச்சா?" என்று கேலி செய்வது வழக்கம். கட்டுப்பாட்டை மீறாமல் கேலி செய்ய அந்த ஊரில் அவளுக்குத்தான் தெரியும்.

இந்த வியாழன் அவள் கேலி செய்யவில்லை. கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ஒரு காயம் கன்றிப்போய்க் கருநீலமாக இருந்தது. அதைவிட, வாதம் வந்த காலின் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. முன்னால் அப்படிக் கிடக்காது.

(வாதம் வந்த கால் என்றே எழுதுகிறேன். அதுதான் இயல்பு, வாக்கியத்திலும் நன்றாக உட்காருகிறது.)

வலிக்குதா என்று கோகுல் கேட்டான். அவள் வாசலில் நின்ற கோபால்சாமியைப் பார்த்தாள். பிறகு, "ஒன்னும் இல்லிங்க. நீங்க அளந்துட்டுப் போங்க" என்றாள். நடந்தும் காட்டினாள். வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்ட தூரத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஊன்றுகோலில் பாரத்தைப் போட்டு நடந்தாள். போன முறையைவிட வேகம் நன்றாகக் குறைந்திருந்தது. கோகுல் எண்ணை எழுதிக்கொண்டான்.

அவன் டேப்பைச் சுருட்டும்போது மருமகள் கோகிலவாணி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"கேட்டியா, உங்க பாட்டி விழுந்துட்டா. ரெண்டு நாளா படுக்கவும் முடியல, குந்தவும் முடியல. உன்கிட்டதான் சொல்ல முடியும். ஆளுங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

கோகுல் காதில் அது விழுந்தது. எப்படி விழுந்தாள் என்று கேட்க வாயெடுத்தான். பயிற்சி செய்யும்போது என்று ஆடு மேய்க்கிறவள் ஆட்டிடமே சொல்லிவிட்டால்? ஊர் எந்தப் பக்கம் என்பதே தெரிந்துபோகும். காதில் விழாதவன் போலப் பையை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு நடந்துவிட்டான்.

5

இங்கே எனக்குக் கோகுல்ராஜ் மேல் சந்தேகம் வருகிறது. ஒரு பாத்திரமாகச் சொல்கிறேன். இப்படியும் ஒருத்தன் இருப்பானா? ஒரு பொம்பளை வலியில் துடிக்கிறாள், இவன் எண்ணை எழுதிக்கொண்டு வருகிறான். அவனை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். கண்ணாடி போட்டு, வாயில் இங்கிலீஷைத் திணித்து, ஜீப்பில் முன்சீட்டில் உட்காரவைத்து—

நடக்கவில்லை. அவன் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் என்னை எழுப்பாமல் தானே மோட்டாரை நிறுத்துகிறவன். வெள்ளிக்கிழமை அந்தப் படியில் உட்கார்ந்தபோது அவன் சாப்பிட்டிருக்கவில்லை.

நீ உன் கைடிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். ஆபத்து என்றால் கண்கட்டையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு உடனே சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அதை அவனே எனக்கு விளக்கினான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் முன்னே ஒரு பேட்ச்சில் ஒருத்தன் இப்படிக் கண்கட்டு அவிழ்ந்து, அளந்ததெல்லாம் செல்லாது என்றாகி, ஒரு வருஷம் திரும்பச் செய்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே இவர்களை வளர்த்திருக்கிறார்கள்.

"என் ஒருத்தன் தீசிஸ்னா கூட பரவால்லக்கா. அவளோடதும் போய்டும். நிக்காஹ் தேதிய இத நம்பித்தான் வெச்சிருக்காங்க."

"எலும்புல வெடிப்பு இருந்தா?"

காய்ந்த துணியை மடித்தான். என் புடவையை, பாவம், யாரும் கேட்காமலே மடித்தான்.

"சும்மா கன்னிப்போய்க்கூட இருக்கும்க்கா. மலையில விழாதவங்க யாரு? நடந்தாங்களே. எலும்பு போயிருந்தா நடப்பாங்களா?"

"நடப்பாங்களா?"

"சில சமயம் நடப்பாங்க" என்றான்.

எலும்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் சிலர் நாள்கணக்கில் நடமாடுவார்களாம். திடீரென்று முழு பாரமும் அந்தக் காலில் விழுந்தால் முறிந்து விலகிவிடுமாம். பயிற்சி கொடுக்கும் ஊர்களில் நாளைக்கு அடுத்த கட்டம் ஆரம்பமாகிறது. எதையும் பிடிக்காமல் ஒவ்வொரு காலாக ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அட்டவணையை இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டிருக்கிறார்கள், எந்த ஊர் என்பதைத் தவிர மற்றதெல்லாம் கோகுலுக்கு மனப்பாடம்.

ஆக, அம்சவல்லி பயிற்சி ஊர்க்காரி என்றால் நாளைக்குக் காஷிஃபா தன் கையாலேயே அவளை அந்தக் காலில் நிற்க வைப்பாள். இல்லையென்றால் அவள் பாட்டுக்கு வெடித்த எலும்போடு புளி பொறுக்கிக்கொண்டிருப்பாள். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்தக் கதையில் எல்லோர் கண்ணும் கட்டித்தான் இருக்கிறது.

6

நேற்றுக் காலை என் தோள் நாள். போனேன்.

காஷிஃபா என் கையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கினாள். நான் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கதை எழுதுகிறேன் காஷிஃபா, அதில் ஓர் ஆராய்ச்சியில் இருக்கிற பொம்பளை விழுந்துவிடுகிறாள் என்றேன்.

அவள் கை நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. புரிந்துகொண்டாள், தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"அக்கா, வேணாம்" என்றாள். "கோகுல் உங்க மாடியில இருக்கான். நான் எதாவது பேசி, நீங்க எதாவது கேட்டு, அவன் காதுக்குப் போய்ட்டா நான் செத்தேன். கதையில எந்த குரூப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க."

எழுத மாட்டேன் என்றேன். அதற்கும் ஒரு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே கையை இன்னும் கொஞ்சம் தூக்கினாள், நான் கத்தினேன். வலியில் கத்தினேனா, சொல்ல முடியாத எரிச்சலில் கத்தினேனா, தெரியவில்லை. தேறிடும்க்கா, கொடியில துணி போடத்தான் போறீங்க என்று அவள் என்னைத் தேற்றினாள்.

வெளியே வந்து வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. கோகிலவாணி ஆட்டிடம் சொன்னதைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேன். நான் காகிதத்திடம் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்டிடம் சொன்னதாவது ஓர் ஆள் காதில் விழுந்தது.

7

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அம்சவல்லியே சொல்லிவிடுகிறாள். கட்டுப்பாடு அளக்கிறவனிடம்தானே, காஷிஃபாவிடம் இல்லையே? திங்கட்கிழமை இவள் போனதும், விழுந்துட்டேம்மா என்கிறாள். ஜீப், திருப்பத்தூர், எக்ஸ்ரே, சுபம். கோகுல் மலைபோல் நம்புவது இந்த முடிவைத்தான். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அம்சவல்லி விழுந்ததாகத் தெரிந்தால் அந்தப் பொண்ணு படிப்புக்கு எதாவது ஆகிவிடுமோ என்று நினைக்கிற ஊர் அது. பல்லைக் கடித்து நடந்து காட்டியவள், நாளைக்குப் பல்லைக் கடித்து நின்றும் காட்ட மாட்டாளா?

அடுத்தது: வெறும் கன்றல். அம்சவல்லி ஒரே வாரத்தில் எழுந்து மறுபடி கேலி செய்கிறாள். நானும் கோகுலும் வீணாகப் பயந்தோம். (கோகுல் சொல்கிறபடி இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படிச் சொல்லும்போது அவன் நகத்தைக் கடிக்கிறான்.)

இன்னொன்று: கதை பிரசுரமாகிறது. காஷிஃபா படிக்கிறாள், பதறிக்கொண்டு ஓடுகிறாள். நான் கதை அனுப்பும் பத்திரிகை பதில் போடவே மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். கிழிந்தது.

கடைசியாக ஒன்று எழுத ஆரம்பித்தேன்:

காஷிஃபா அம்சவல்லியின் கையை விட்டுவிட்டு, நில்லுங்கம்மா, நான் இருக்கேன் என்று சொல்ல, அம்சவல்லி தன் முழு பாரத்தையும்—

இதை நான் எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை சாமர்த்தியமாக ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன், இப்போது வெறும் பயம்தான் இருக்கிறது. நான் பார்க்காத ஒரு பொம்பளை, என் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, நாளைக்கு ஒற்றைக்காலில் நிற்கப்போகிறாள்.

8

பேனாவை வைத்துவிட்டு போனை எடுத்தேன்.

(இதை எப்போது எழுதினாய் என்று கேட்காதீர்கள்.)

மணி அடிக்கிறது. கோகுல் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறான், கல்லில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. இத்தனை தொடக்கம் எழுதிப் பார்த்தவளுக்கு ஒரு முதல் வாக்கியம் கிடைக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது? தோள் வலி என்றா? கதை என்றா?

"சொல்லுங்கக்கா" என்றாள் காஷிஃபா.

"அம்சவல்லி விழுந்துட்டாங்க" என்றேன்.

யார் சொன்னது என்று கேட்பாள், கோகுலுக்குத் தெரியுமா என்று கேட்பாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"எந்தக் கால்?" என்றாள். "வாதம் வந்த காலா, நல்ல காலா?"

வாதம் வந்த கால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாலாம் பகுதியைப் பாருங்கள், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதை எழுதியது நான். கோகுல் கால் என்றான், பாதம் திரும்பியிருந்தது என்றான். எந்தக் கால் என்று அவன் சொல்லவே இல்லை, நானும் கேட்கவில்லை. வாக்கியத்தில் நன்றாக உட்காருகிறது என்று நானே போட்டுக்கொண்டேன்.

"அக்கா, நல்ல கால்னா அவங்களுக்கு நிக்கறதுக்கு வேற கால் இல்ல. ஜீப்புக்கு நடக்கவே விடக் கூடாது, தூக்கித்தான் கொண்டு வரணும். எந்தக் கால்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

மாடியில் துணி அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. கோகுல் ஈரக் கையோடு படியின் பாதியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்க வேண்டும். இனி என் சத்தியத்துக்கு மதிப்பில்லை, அவன் கண்கட்டுக்கும் எவ்வளவு மதிப்பு என்று தெரியவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னால், அவள் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டால், அந்த ஊர் எந்தப் பக்கம் என்பது வெளியே வந்துவிடலாம். வராமலும் போகலாம்.

போனை அவன் பக்கம் நீட்டினேன். அவசரத்தில் எந்தக் கையால் நீட்டுகிறோம் என்று பார்க்கவில்லை, வலது கை. அவன் நிற்பது உயரத்தில். கை தோளைத் தாண்டி மேலே போகிறது, எனக்கு உயிர் போகிறது. போனுக்குள்ளிருந்து காஷிஃபா, "ஹலோ, யாரு? யாராவது சொல்லுங்க" என்கிறாள்.

முடிவு என்னிடம் இல்லை. கோகுல் இன்னும் அந்தப் படியில்தான் நிற்கிறான். என் கை மேலேயே இருக்கிறது. ரொம்ப நேரம் தாங்காது, யாராவது சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள்.